நோன்பு முடியும் நாழிகை

நோன்பைத் தொடங்குவதற்கு ஒரு சொல்லும் முடிப்பதற்கு வேறொரு சொல்லும் வைத்துக்கொண்ட மொழி நம்முடையது. தொடங்குகையில் விரதம் ஏற்கிறோம், காப்புக் கட்டுகிறோம். ஏகாதசியன்று பட்டினி கிடந்தவர் துவாதசிக் காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் கூட்டி உண்பதைப் பாரணை என்கிறோம். இசுலாமியர் நோன்பு திறத்தல் என்பர். கிறித்தவத் தமிழில் ஒருவேளை மட்டும் உண்டு நோற்பதற்கு ஒருசந்தி என்றும், புலால் விலக்குவதற்குச் சுத்தபோசனம் என்றும் பழஞ்சொற்கள் உண்டு. அந்த நோன்பின் முடிவைச் சுட்ட வேண்டுமாயின், பெரும்பாலும் திருநாளின் பெயரையே சொல்லிவிடுவர்: பாஸ்கா.

தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் எனக் கூடலூர்வரை நீளும் பள்ளத்தாக்கில் இந்த வழக்குகள் அனைத்தையும் அருகருகே காணலாம். வீரபாண்டிக் கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் அக்கினிச்சட்டி எடுப்போர் விரதம் காக்கின்றனர். உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் ரமலான் மாதத்து மாலைகள் நோன்புக் கஞ்சியோடு தொடங்குகின்றன. பனிமய மாதா ஆலயம் அமைந்த இராயப்பன்பட்டியில் மாசி, பங்குனி மாதங்களின் வெள்ளிக்கிழமைகள் சிலுவைப்பாதைக்கு உரியவை. 2025ஆம் ஆண்டில் மார்ச் 2 அன்று ரமலான் நோன்பும், மார்ச் 5 அன்று விபூதிப் புதனுமாக, இரு சமயத்தாரின் நோன்புகளும் தமிழகத்தில் ஒரே வாரத்தில் தொடங்கின. தொடக்கம் ஒன்றாயினும் முடிவு வேறு. ரமலான் நோன்பு நாள்தோறும் கதிரவன் மறைகையில் திறக்கப்படுகிறது. கிறித்தவரின் தவக்காலமோ நாற்பது நாட்களையும் கடந்து ஓர் இரவை நோக்கிச் செல்கிறது. அந்த இரவின் எந்த நாழிகையில் நோன்பு முடிகிறது? சிறிய வினாவாகத் தோன்றும் இது, திருச்சபையை ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வந்திருக்கிறது.

மூன்றாம் நூற்றாண்டில் பசிலிதெஸ் என்னும் ஆயர், அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனிசியுவிடம் இதே ஐயத்தை எழுப்பினார். உரோமையில் உள்ளோர் சேவல் கூவும்வரை காத்திருக்கின்றனர். வேறு சிலரோ அதற்கு முன்பே உண்டுவிடுகின்றனர். எது சரி என்பது கேள்வி. தியோனிசியு எழுதிய மறுமொழிக் கடிதம் இன்றும் கிடைக்கிறது. ஆண்டவர் உயிர்த்த நேரத்தை நற்செய்தி நூல்கள் நிமிடக் கணக்காகச் சொல்லவில்லை என்பதை அவர் முதலில் எடுத்துக்காட்டுகிறார். நள்ளிரவுக்குச் சற்று முன்னரே பொறுமை இழப்போரைக் கடிகிறார். நான்காம் சாமம்வரை தாங்குவோரைப் போற்றுகிறார். ஆனால் கடிதத்தின் சிறப்பு அதற்குப் பின் வரும் பகுதியில்தான் உள்ளது. ஆறு நாளும் பட்டினி கிடந்து உடல் சோர்ந்தவர் சற்று முன்னதாக உண்டால் அவரை மன்னிக்க வேண்டும் என்கிறார். நான்கு நாள் நன்றாக உண்டுவிட்டுக் கடைசி இரண்டு நாள் மட்டும் நோற்று, விடியும்வரை தாங்கியதைப் பெருமையாகப் பேசுவோர் முன்னவருக்கு ஈடாகார் என்றும் சொல்லிவிடுகிறார். முடித்த நேரத்தை மட்டும் பார்த்து நோன்பை அளக்கலாகாது, அதற்கு முன் நடந்த வழியையும் பார்க்க வேண்டும் என்பதே அவர் கருத்து. அவருக்கும் முன்னதாக, இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலியோன் நகர ஆயர் இரேனேயு, ஒருநாள் நோற்பவரும் இருநாள் நோற்பவரும் நாற்பது மணி நேரம் நோற்பவருமாகத் திருச்சபையில் பலர் இருந்ததைக் குறித்து, அந்த வேற்றுமை நம்பிக்கையின் ஒற்றுமையைக் குலைக்கவில்லை என்று வாதிட்டிருந்தார்.

இந்த மரபு நம் நாட்டு மண்ணில் ஊன்றியபோது புதியதொரு முகம் கொண்டது. கம்பம் பள்ளத்தாக்கு மதுரை நாயக்கர் ஆட்சியில் இருந்த காலம் அது. 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி, புலாலும் மீனும் முட்டையும் மதுவும் நீக்கி, சோறும் பாலும் கீரையுமாக ஒருவேளை உணவோடு துறவியாக வாழ்ந்தார். ஐரோப்பியருக்கு நாற்பது நாள் நோன்பாக இருந்தது, தத்துவ போதகர் என நம்மவர் அழைத்த அவருக்கு அன்றாட வாழ்வாயிற்று. 1656இல் மயிலாப்பூரில் கண்பார்வை மங்கிய முதியவராக மறையும்வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் தம் நெறியைத் தளர்த்தவில்லை. புலால் உண்ணும் குருவின் சொல்லுக்கு மதுரையில் செவி கிடைக்காது என்ற கணக்கில் தொடங்கியதாகவே இருக்கட்டும். அரை நூற்றாண்டு நீடித்த ஒன்றை வெறும் உத்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

அதே மதுரை மறைப்பணித் தளத்தில் வந்தவர் அருளானந்தர் எனத் தமிழர் அறிந்த ஜான் தெ பிரித்தோ. 1647இல் லிஸ்பனில் பிறந்து போர்த்துக்கல் அரசவையில் வளர்ந்தவர். மறவர் நாட்டில் சிறைப்பட்டு மீண்டு ஐரோப்பா சென்றபோதும், மதுரையில் பழகிய எளிய மரக்கறி உணவை அவர் விடவில்லை என்று அவருடைய சரிதையாளர் குறிக்கின்றனர். தாய்நாட்டிலேயே தங்கும்படி பலரும் வேண்டியும் கேளாமல் 1690இல் திரும்பி வந்தார். 1693 சனவரியில் மீண்டும் பிடிபட்டார். பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது.

அந்த நாளில் நாம் சற்று நிற்க வேண்டும். அது விபூதிப் புதன். அவ்வாண்டு உயிர்ப்பு விழா மார்ச் 22இல் வந்தது. கிரெகோரியன் நாட்காட்டியில் அதற்கு முந்தி அவ்விழா வரவே இயலாது. எனவே விபூதிப் புதனும் வரக்கூடிய மிக முந்திய தேதியில் வந்தது. 1761இலும் 1818இலும் அவ்வாறு நேர்ந்தது; அடுத்து நேர்வது 2285இல்தான். ஊரார் நெற்றியில் சாம்பல் பூசி நோன்பைத் தொடங்கும் நாளில் அருளானந்தர் தம் நோன்பை முடித்துவிட்டார். 1947இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அவர் காலத்தில் ஐரோப்பாவில் நோன்பின் முடிவு எப்படி இருந்தது என்பதையும் காண்போம். பெரிய சனி இரவில் விளக்கேற்றி விழித்திருந்து கொண்டாட வேண்டிய பாஸ்காத் திருவிழிப்பு, நூற்றாண்டுகள் செல்லச் செல்ல மாலைக்கு நகர்ந்து, பிறகு நண்பகலுக்கும், இறுதியில் காலைக்குமே வந்து சேர்ந்துவிட்டது. பிற்பகலிலும் மாலையிலும் திருப்பலி நிகழ்த்துவதை 1566இல் ஐந்தாம் பயஸ் தடுத்தபின் அது காலையிலேயே நிலைத்தது. இருளை நீக்கும் ஒளி என்று சொல்லிப் பட்டப்பகலில் பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றினர். கோயிலில் கூட்டமும் குறைந்தது. சடங்கு முன்னே நகர, நோன்பும் அதன் பின்னே நகர்ந்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பெரிய சனி நண்பகலோடு தவக்கால நோன்பு முடிகிறது என்றே விதித்தது. சேவல் கூவும்வரை காத்திருந்தோரின் வழிவந்தவர்கள் நண்பகலிலேயே இலை போட்டு அமரலாயினர். அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. நோன்பின் பொருள் மட்டும் கைநழுவியிருந்தது.

இதைச் சீர்செய்தவர் பன்னிரண்டாம் பயஸ். 1951இல் சோதனை முயற்சியாகத் திருவிழிப்பை இரவுக்கு மீட்டார். 1955 நவம்பரில் வெளியான ஆணை அதை நிலைப்படுத்தியது. நோன்பின் முடிவையும் நண்பகலிலிருந்து நள்ளிரவுக்கு நீட்டியது. 1956இல் உலகெங்கும் அது நடைமுறைக்கு வந்தது.

பத்தே ஆண்டுகளில் மற்றொரு மாற்றம். 1966 பிப்ரவரியில் ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணை, கட்டாய ஒருசந்தியை விபூதிப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாட்களுக்குச் சுருக்கியது. எஞ்சிய நாட்களின் தவத்தைச் செபத்தாலும் ஈகையாலும் தன்னொறுத்தலாலும் அவரவரே நிறைத்துக்கொள்ள வழிவிட்டது. சலுகை கிடைத்தது என்று மகிழ்ந்தோரும் உண்டு, ஒழுக்கம் போயிற்று என்று வருந்தியோரும் உண்டு. நமக்கு வேறொன்று தோன்றுகிறது. அதுவரை நோன்பு முடிந்த நேரத்தைச் சொல்லச் சட்டம் இருந்தது. அதன்பின் முப்பத்தெட்டு நாட்களுக்கு நோற்பவரே தமக்குச் சாட்சி. யாரும் கேட்காத ஒரு நோன்பை முப்பதாம் நாளிலும் கைவிடாதிருப்பது, விதித்த நோன்பை நாற்பது நாள் காப்பதைவிடக் கடினமானது.

கூடலூரைத் தாண்டிக் குமுளி மலைப்பாதை ஏறினால் மரபே மாறிவிடுகிறது. அங்குள்ள சீரோ மலபார்க் கிறித்தவருக்கு விபூதிப் புதன் இல்லை. அவர்களுடைய பெருநோன்பு அதற்கு முந்திய திங்களன்றே தொடங்கிவிடும். ஐம்பது நோன்பு என்பது அதற்கு வழங்கும் பெயர். இறைச்சி, மீன், முட்டை, பால் முதலியவற்றை விலக்குவது பழைய முறை. பெரிய வியாழன் இரவில் வீட்டுத்தலைவர் புளிப்பில்லாத அப்பத்தைப் பிட்டு, தேங்காய்ப்பாலுடன் குடும்பத்தாருக்குப் பகிர்ந்தளிப்பார். மலைக்கு இப்புறம் ஒரு கணக்கு, அப்புறம் வேறொரு கணக்கு. உயிர்ப்பு விழா மட்டும் இருபுறத்தார்க்கும் ஒரே நாளில் வருகிறது. இரேனேயு சொன்னதன் உண்மையை அறிய நாம் இலியோன்வரை செல்ல வேண்டியதில்லை. குமுளிவரை சென்றால் போதும்.

இனி, முடித்தபின் நடப்பது. நீண்ட பட்டினிக்குப் பின் வயிறு முட்ட உண்ணலாகாது என்பதை நம் பாட்டிமார் அறிவர். பாரணைக்குக் கீரையும் நோன்பு திறக்கக் கஞ்சியும் அமைந்தது அந்த அறிவுக்குப் பொருந்தியதே. உள்ளத்துக்கும் இதுவே விதி. நாற்பது நாள் அடக்கிவைத்த சினத்தையும் நாவையும் நாற்பத்தோராம் நாளில் அவிழ்த்துவிட்டால், அந்த நோன்பு வெறும் இடைவேளையாகிவிடும். இரண்டாம் நூற்றாண்டின் 'எர்மாவின் மேய்ப்பன்' என்னும் நூல் இதற்கொரு நடைமுறை சொல்கிறது. நோன்பு நாளில் அப்பமும் நீரும் மட்டும் உண்டு, மீதமான உணவின் விலையைக் கணக்கிட்டு, அத்தொகையைக் கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ வறியவருக்கோ தந்துவிட வேண்டும். நோற்றவரின் நோன்பு முடியுமிடத்தில் மற்றொருவரின் பசி முடிய வேண்டும் என்பது அதன் கணக்கு.

பாஸ்கா இரவில் கோயிலின் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். இருளில் நிற்கும் மக்களின் கைத்திரிகள் ஒரே சுடரிலிருந்து ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ளும். வீடு திரும்பும்போது இரவு வெகுநேரம் கடந்திருக்கும். மறுநாள் மதியம் கறிச்சோறு கொதிக்கும். அதைக் குறைசொல்ல நாம் யார்? விருந்தும் நோன்பின் பகுதியே. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை வரும்; அன்று சிலுவைப்பாதை இராது, நோன்பு உண்டா என்று கேட்பாரும் இரார். நாற்பது நாளில் கற்றதில் எவ்வளவு கையிலிருக்கிறது என்பது அன்றுதான் தெரியும்.