பாக்கெட்டின் முதுகில் ஒரு கட்டம்

பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில், ஒட்டிய மடிப்புக்குள் பாதி மறைந்தபடி சத்துகளைப் பட்டியலிடும் ஒரு சின்னக் கட்டம் இருக்குமே, அதன் கதை ஒரு கினிப்பன்றியிடம் தொடங்குகிறது. 1780-களில் பாரிஸில் வேதியியலாளர் லவாய்சியே அந்தப் பிராணியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் உட்காரவைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார். நூறாண்டு கழித்து, அமெரிக்காவின் மிடில்டவுனில் வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் மனிதர்களையே ஒரு சிற்றறைக்குள் நாள்கணக்கில் இருத்தி, உள்ளே போன உணவையும் வெளியே வந்த வெப்பத்தையும் கணக்கெடுத்தார். மாவுச்சத்துக்குக் கிராமுக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9. இன்றைக்கும் பாக்கெட்டில் ஏறுவது பெரும்பாலும் அந்த வாய்பாடுதான்.

அமெரிக்கா 1973-ல் விதி வகுத்தபோது, சத்து சேர்த்தவர்களும் அதைச் சொல்லி விற்றவர்களும் மட்டும் அச்சிட்டால் போதும் என்றது. எல்லாருக்கும் கட்டாயமாக்கிய சட்டம் 1990-ல் வந்தது. கட்டத்தை வரையும் வேலை பர்க்கி பெல்சரிடம் போனது. ஃப்ரிட்ஜ் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று சொல்லும் மஞ்சள் சீட்டை வடிவமைத்தவர் அவர். இப்போது ஃப்ரிட்ஜுக்கு உள்ளே இருப்பதற்கும் சீட்டு எழுத வந்துவிட்டார். கறுப்புக் கோடுகள், ஹெல்வெட்டிகா எழுத்து, அலங்காரம் கிடையாது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி என்ற அளவுகோல் முதலில் 2,350 ஆக இருந்தது. மனக்கணக்குக்கு வசதி என்பதும் சேர்ந்து அதைக் குறைத்தது. 1994-ல் கட்டம் கடைக்கு வந்தது. பல நாடுகள் அதைப் பார்த்துத் தங்கள் கட்டத்தைப் போட்டன.

ஆனால் கடையில் நின்றுகொண்டு யார் கணக்குப் போடுவார்கள்? எனவே வடிவங்கள் பாக்கெட்டின் முகத்துக்கு நகர்ந்தன, அவற்றில் சில தெருவிலிருந்து கடன் வாங்கியவை. 2006-ல் பிரிட்டன் சிக்னல் விளக்கின் மூன்று நிறங்களை எடுத்துக்கொண்டது. குழந்தைகளுக்கான டிவி விளம்பரங்களை வடிகட்ட அங்கே போட்ட மதிப்பெண் கணக்கைப் பிரான்ஸ் தட்டிச் சீர்செய்து, 2017-ல் ஏ முதல் இ வரையான எழுத்துகளாக்கியது. சிலி 2016-ல் சாலையின் எண்கோண 'நில்' பலகையையே கறுப்பாக்கி ஒட்டியது: சர்க்கரை அதிகம், உப்பு அதிகம். தானியப் பெட்டிகளிலிருந்த கார்ட்டூன் விலங்குகளும் இடத்தைக் காலிசெய்தன. பெருவும் மெக்சிகோவும் அப்படியே நகலெடுத்தன. வட்டம் போடப் போன கொலம்பியாகூட எண்கோணத்துக்கே திரும்பியது. அதே 2016-ல் இலங்கை, மென்பானப் போத்தல்களில் நிறப் புள்ளி வைத்தது. 100 மில்லிலிட்டரில் சர்க்கரை 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு.

இந்தியா 2022-ல் ஆஸ்திரேலியப் பாணியில் நட்சத்திரங்களை முன்மொழிந்தது. எனக்கு அதில் ஒரு சிரிப்பு உண்டு: உப்பை எவ்வளவு கொட்டினாலும் அரை நட்சத்திரமாவது கிடைத்துவிடும், திட்டும்போதும் பாராட்டுச் சீட்டு! இத்தனைக்கும், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும் பச்சைப் புள்ளி நம்மிடம் முன்பிருந்தே இருக்கிறது. எண்ணெயும் உப்பும் ஊறிய சிப்ஸ் பாக்கெட்டிலும் அது பளிச்சென்றுதான் இருக்கிறது. சைவமாயிற்றே.