தேயிலையா, வினிகரா?

பச்சைத் தேயிலை இப்போது எல்லா நோய்க்கும் மருந்தாகிவிட்டது. சர்க்கரை, கொழுப்பு எல்லாம் முடிந்து, கருப்பை வாய்ப் புற்றையும் அது குணமாக்கும் என்று செய்தி சுற்றுகிறது. முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதை தேயிலையில் தொடங்கவில்லை. இத்தாலியின் வெரோனா நகரில் ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர் 1760 முதல் 1839 வரையிலான இறப்புப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். கருப்பைப் புற்றால் இறந்தவர்களில் கன்னியாஸ்திரீகள் மிகக் குறைவு. இதை அவர் 1842இல் வெளியிட்டார். தாம்பத்தியத்துக்கும் இந்த நோய்க்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று தெரிந்ததே தவிர, அது என்ன என்று தெரிய இன்னும் 140 வருடம் ஆயிற்று.

ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் குழுவினர் 1983இல் எச்.பி.வி. 16, அடுத்த வருடம் எச்.பி.வி. 18 என்ற வைரஸ் வகைகளைப் புற்றுத் திசுவில் கண்டுபிடித்தார்கள். மருக்களை உண்டாக்கும் வைரஸின் பங்காளிகள் இவை. அதுவரை ஹெர்பிஸ் வைரஸைத்தான் பலரும் குற்றவாளி என்று நம்பியிருந்தார்கள். சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி தேயிலைக்கு வருவோம். பச்சைத் தேயிலையின் துவர்ப்புக்குக் காரணம் கேட்டச்சின் என்ற பிளேவனாய்டு வகை. இந்த வைரஸ் இரண்டு புரதங்களை உண்டாக்கி, செல் கட்டுக்கடங்காமல் பெருகாதபடி பிடித்து வைத்திருக்கும் கடிவாளத்தை அறுத்துவிடுகிறது. சோதனைச் சாலையில், கேட்டச்சின் அந்தப் புரதங்களைக் குறைத்தது. 2006இல் அமெரிக்க அரசு, பிறப்புறுப்பின் வெளிப்புற மருக்களுக்குத் தேயிலைச் சாற்றுக் களிம்பு ஒன்றை அங்கீகரித்தது. மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் முதல் தாவர மருந்தாக அங்கே அனுமதி பெற்றது அதுதான். செய்தியில் உள்ள உண்மை இந்த அளவுதான். அந்த மருக்களை உண்டாக்கும் வகைகள் வேறு, புற்றை உண்டாக்கும் வகைகள் வேறு.

கருப்பை வாயில் என்ன ஆயிற்று? 2003இல் கொரியாவில் 51 பெண்களுக்குத் தேயிலைச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். 69 சதவீதம் பேருக்குப் பலன். கொடுக்காதவர்களில் 10 சதவீதம்தான். எல்லோரும் பரவசப்பட்டார்கள். பிறகு அமெரிக்காவில் 98 பெண்களை எடுத்து, யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று கொடுப்பவருக்கும் தெரியாமல், 4 மாதம் சோதித்தார்கள். 2014இல் முடிவு வந்தது: இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இந்தத் தொற்று பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும். அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும்!

என் பெரியம்மா 1974இல் இந்த நோயில்தான் போனார். வீட்டில் ‘வயிற்றுக் கட்டி’ என்றார்கள். ஒரு வருடமாக உதிரம் பட்டுக்கொண்டிருந்ததை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. கஷாயம் மட்டும் வேளை தவறாமல் குடித்தார்.

சமையலறைப் பொருள் ஒன்று இந்த நோயை உண்மையிலேயே எதிர்த்து நின்றது, நம் திண்டுக்கல் மாவட்டத்தில். அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவ மையமும் பிரான்ஸின் லியான் நகரப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டு முதல் 30 முதல் 59 வயது வரையுள்ள சுமார் 49 ஆயிரம் கிராமத்துப் பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். 31 ஆயிரம் பேர் வந்தார்கள். கருவி பெரிதாக ஒன்றுமில்லை. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை 4 சதவீதக் கரைசலாக்கிக் கருப்பை வாயில் தடவ வேண்டும். ஒரு நிமிடத்தில் கோளாறான இடம் வெளுத்துவிடும். பயிற்சி பெற்ற நர்ஸ் வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆரம்பநிலை என்றால் அங்கேயே உறைய வைத்து அகற்றிவிடுவார்கள். (வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல, குடிக்கவும் கூடாது. இதையும் யாராவது கிளப்பிவிடப் போகிறார்கள்.)

2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் புற்று 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

30 வயது தாண்டிய பெண்களுக்கு இந்தச் சோதனையை இப்போது அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே காசு வாங்காமல் செய்கிறார்கள். என் மகளும் மருமகளும் போன மாதம் போய் வந்தார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லையாம்.