மெழுகுதிரித் திருநாள்

மெழுகுதிரித் திருநாள், கிறிஸ்துமஸுக்கு நாற்பதாம் நாளாகிய பிப்ரவரி 2-ஆம் தேதியன்று, குழந்தை இயேசுவை அவருடைய பெற்றோர் எருசலேம் தேவாலயத்தில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்ததை நினைவுகூர்ந்து, மந்திரித்த மெழுகுதிரிகளைக் கையிலேந்திப் பவனி வருகிற புராதனமான கிறிஸ்தவ விழாவாகும். ஆண் மகவைப் பெற்ற தாய் நாற்பது நாள் கழித்துச் சுத்திகரிப்புச் சடங்கை நிறைவேற்ற வேண்டுமென்றும், ஆட்டுக்குட்டி செலுத்த வசதியற்றவள் இரண்டு புறாக்களைக் கொடுக்கலாமென்றும் மோசேயின் நியாயப்பிரமாணம் விதித்திருந்தது. மரியாளும் யோசேப்பும் அதற்கிணங்க வந்தபோது, முதியவராகிய சிமியோன் குழந்தையைக் கைகளில் ஏந்தி, சகல ஜனங்களுக்கும் ஒளியாக வந்தவர் என்று போற்றியதாக லூக்கா சுவிசேஷம் கூறும். இந்நாளில் திரி ஏற்றுவதற்கு ஆதாரம் அவ்வாக்கே.

எருசலேமில் இவ்விழா நான்காம் நூற்றாண்டின் இறுதியிலேயே மிகுந்த சிறப்போடு நடந்ததை, அங்கே யாத்திரை சென்றிருந்த எஜீரியா என்னும் மாதின் பிரயாணக் குறிப்புகளால் அறிகிறோம். அவர் திரிகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் இகேலியா என்ற பக்தை, எருசலேமுக்கும் பெத்லகேமுக்கும் இடையே தாம் கட்டுவித்த கோயிலில் திரிகளோடு இதைக் கொண்டாடத் தொடங்கினார் என்று பழைய சரித்திரம் ஒன்று தெரிவிக்கிறது. 542-இல், கொள்ளைநோயால் கான்ஸ்டாண்டிநோபிள் நிலைகுலைந்திருந்த காலத்தில், ஜஸ்டினியன் சக்கரவர்த்தி இதைப் பிப்ரவரி 2-ஆம் தேதிக்கு உறுதிப்படுத்தினார். ரோமாபுரியில், சிரியக் குடும்பத்தில் பிறந்தவரும் 687 முதல் 701 வரை போப்பாக விளங்கியவருமான முதலாம் செர்ஜியஸ் இந்நாளுக்குரிய பவனியை ஏற்படுத்தினார்.

ரோமர்களின் லூப்பர்காலியா என்னும் பழைய பண்டிகையே வேஷம் மாறி இவ்வாறு நின்றது என்று பல நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் எஜீரியாவின் காலத்து எருசலேமியர் கிறிஸ்து ஜனனத்தை ஜனவரி 6-ஆம் தேதி கொண்டாடியதால் இவ்விழாவும் பிப்ரவரி 14-ஆம் தேதிக்கு வந்ததென்பதையும், ஜனன விழா மாறிய இடங்களிலெல்லாம் இதுவும் அதே நாற்பது நாள் கணக்கில் பின்தொடர்ந்ததென்பதையும் நோக்கினால், அக்கொள்கைக்கு வலுவில்லை என்றே கொள்ள வேண்டும். பழைய கணக்கை விடாத ஆர்மீனியர் இன்றும் பிப்ரவரியின் நடுவில்தான் இதனைக் கொண்டாடுகிறார்கள். அன்று மூட்டும் நெருப்பை, புதிதாக மணம்புரிந்த தம்பதிகள் கைகோத்துத் தாண்டுவார்கள்.

கோயிலில் பெற்ற திரி குடியானவன் வீட்டில் எத்தகைய ஜீவிதத்தை நடத்தியது என்பதைப் போலந்து நாட்டில் நன்றாகக் காணலாம். அங்கே அதற்கு இடித்திரி என்று பெயர். பனிக்காற்றில் சுடர் அணையாதபடி கையால் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன் புகையால் கூரை உத்தரத்தில் சிலுவைக் குறி தீட்டுவார்கள். கோடையில் இடி முழங்கும்போது அதையே ஜன்னலருகில் ஏற்றிவைப்பார்கள். வீட்டில் ஒருவர் மரணத் தறுவாயில் இருக்கும்போது, அவர் கையில் அதைப் பிடிப்பிப்பார்கள். குளிர்காலத்து இரவுகளில் தேவமாதா அத்திரியுடன் வயல்வெளியில் நடந்து, ஊரை நெருங்கும் ஓநாய்களைத் துரத்துகிறாள் என்பது அம்மக்களின் ஐதிகம். இங்கிலாந்தில் மதச் சீர்திருத்தத்தின் விளைவாக 1548-இல் திரி மந்திரிப்பது தடைசெய்யப்பட்டது. வீடுவரை சென்று வேரூன்றிய ஒரு வழக்கம் அரசாங்க ஆணையால் கோயிலிலிருந்து விலக்கப்பட்டது மனத்தை வருத்தும் செய்தியே.

பிரான்ஸில் அன்று வட்டமான மெல்லிய அப்பங்கள் சுடுகிறார்கள். ஒரு கையில் காசைப் பற்றிக்கொண்டு மறுகையால் அப்பத்தைச் சட்டியிலிருந்து மேலே எறிந்து திருப்பிப் பிடித்தால் ஆண்டு முழுவதும் பணத்துக்குக் குறைவில்லை என்பது நம்பிக்கை. மார்செய் துறைமுகத்திலுள்ள தூய விக்டர் மடத்தில் கருநிற மாதா சொரூபத்தின் முன்னே பச்சைத் திரிகள் ஏற்றுவதும், தோணி வடிவான பிஸ்கத்துகள் வாங்குவதும் மரபு. ஜெர்மானிய நாடுகளில் பண்ணையாட்கள் ஆண்டுக் கூலி பெற்று எஜமானரை மாற்றிக்கொள்ளும் நாளாகவும், வளைக்கரடி தன் நிழலைக் கண்டால் குளிர் நீளும் என்று குறிபார்க்கும் நாளாகவும் இது இருந்தது. அக்குறியைப் பென்சில்வேனியாவுக்குக் கொண்டுசென்ற ஜெர்மானியக் குடியேறிகள் அங்கே வேறொரு வளைப்பிராணியிடம் அதை ஒப்படைத்தார்கள்.

ஸ்பெயின் தேசத்தாரோடு விழா கடல் கடந்தது. மெக்ஸிகோவில் குழந்தை இயேசுவின் சொரூபத்துக்குப் புத்தாடை உடுத்திக் கோயிலுக்கு எடுத்துச் செல்கிறார்கள். ஜனவரி 6-ஆம் தேதி ரொட்டியில் ஒளித்த பொம்மை யாருக்குக் கிடைத்ததோ அவர், சோளமாவைப் பொதிந்து அவித்த தமாலே என்னும் பலகாரத்தை அனைவருக்கும் வழங்க வேண்டும். குளிர்காலம் முடிவதைக் கொண்டாடும் விழா என்று மட்டும் இதைக் கருதுவோர், பெரு நாட்டின் பூனோ நகரத்தை நோக்க வேண்டும். பிப்ரவரி அங்கே கோடையின் மழை மாதம். ஆயினும் தித்திகாகா ஏரிக்கரையில் கெச்சுவா, அய்மாரா மக்கள் காந்தெலாரியா மாதாவுக்கு ஆடலும் பாடலுமாக நாட்கணக்கில் எடுக்கும் அத்திருவிழாவை யுனெஸ்கோ 2014-இல் மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.