பங்காவும் வெட்டிவேர்த் தட்டியும்

மின்விசிறியா, குளிர்சாதனமா என்று கோடைதோறும் எழும் வழக்குக்கு முன்வரலாறு உண்டு. காலனிய வட இந்திய பங்களாக்களில், உத்தரத்தில் தொங்கிய பங்கா காற்றை அசைத்தது, குளிர்விக்கவில்லை. வாயிலில் கட்டி நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டியோ 'லூ' எனும் வெங்காற்றையே குளிரச் செய்தது. (ஆங்கில 'வெட்டிவர்' தமிழிலிருந்து சென்றது என்பதில் மொழியியல் படித்தவர்க்கு ஒரு சிறு மகிழ்ச்சி.) ஈரப்பதம் மிகுந்த கல்கத்தாவில் நீர் எளிதில் ஆவியாகாது, அங்கே பங்காவே கதி. அந்த ஈரப்பதத்தை அடக்கும் எந்திரத்தை வில்லிஸ் கேரியர் 1902இல் வடிவமைத்தார். அதுவும் மனிதருக்காக அன்று, புரூக்ளின் அச்சகமொன்றின் தாள்களுக்காக.

பங்காக் கயிற்றை இழுத்தவர் பெரும்பாலும் வெளித் தாழ்வாரத்தில், வெக்கையிலேயே அமர்ந்திருந்தார். கண்ணயர்ந்ததற்காக உதைபட்டு இறந்தவர்களும் உண்டு. அவ்வழக்குகளில் இறப்புக்குக் காரணம் உதையன்று, இறந்தவரின் வீங்கிய மண்ணீரலே என்று வாதிடப்பட்டது. நீதிமன்றங்கள் பலமுறை அதை ஏற்றன.