கூட்டுக் கட்டுமான ஒப்பந்தம்

கூட்டுக் கட்டுமான ஒப்பந்தம் என்பது, நில உரிமையாளர் மனையைத் தர, கட்டுநர் தம் செலவில் அதில் கட்டடம் எழுப்பி, கட்டிய பரப்பை இருவரும் பகிர்ந்துகொள்ள இசையும் உடன்படிக்கை ஆகும். தமிழ்நாட்டில் பேச்சுவழக்கில் இது "ஜாயின்ட் வென்ச்சர்" எனப்படுகிறது. கட்டுநர் வாக்குத் தவறினால், நில உரிமையாளர் நுகர்வோராகக் கருதப்படுவாரா அல்லது தொழிற்பங்காளியாகக் கருதப்படுவாரா என்ற வினா இவ்வகை வழக்குகளில் முதன்மையானது. 2008ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்தது.

இயல்பும் பிணக்குகளும்

உரிமையாளர் பழைய வீட்டை இடிக்க இசைந்து மனையை ஒப்படைக்கிறார். கட்டுநரின் பங்கிலுள்ள வீடுகளை வாங்குவோருக்கு நிலத்தின் பிரிபடாத பாகத்தை எழுதிக்கொடுக்க, பொது அதிகார ஆவணமும் ("பவர் பத்திரம்") பெரும்பாலும் வழங்குகிறார். இங்கு கட்டுமானத்துக்கு நிலமே விலையாகிறது.

காலத்தாழ்வு, அனுமதி பெற்ற வரைபடத்துக்கு மாறான கட்டுமானம், தரக்குறைவு, நிறைவுச் சான்றிதழ் பெற்றுத் தராமை ஆகியன வழமையான பிணக்குகள் ஆகும். பாகங்கள் விற்கப்பட்டபின் பணி நின்றுவிட்டால், உரிமையாளருக்கு வீடும் இராது. முழு நிலமும் இராது.

உப்பல் ஏஜென்சீசு வழக்கு (2008)

தில்லி கைலாசு காலனியைச் சேர்ந்த மனை உரிமையாளர் ஒருவர் 1991இல் கட்டுநருடன் ஒப்பந்தம் செய்தார். தரைத்தளமும் ஒரு தொகையும் உரிமையாளருக்கு, மேல்தளங்கள் கட்டுநருக்கு என்பது ஏற்பாடு. கட்டடம் வரைபடத்துக்கு மாறாகக் கட்டப்பட்டதாகவும், நிறைவுச் சான்றிதழ் தரப்படவில்லை எனவும் உரிமையாளர் முறையிட்டார். அவர் நுகர்வோர் அல்லர் எனக் கூறி, மாவட்ட மன்றம் முதல் தேசிய ஆணையம் வரை அனைத்தும் முறையீட்டை ஏற்க மறுத்தன.

உச்ச நீதிமன்றம் இதனை மாற்றியது. கூட்டு முயற்சி எனில் நிருவாகத்திலும் இலாப நட்டத்திலும் இருவருக்கும் பங்கு இருத்தல் வேண்டும். இவ்வுரிமையாளருக்கு அத்தகைய பங்கு எதுவும் இல்லை. ஆகவே ஒப்பந்தத்தின் பெயர் எதுவாயினும், கட்டுநர் சேவை வழங்குபவர், உரிமையாளர் நுகர்வோர் என நீதிமன்றம் கூறியது. உண்மையாகவே இலாப நட்டத்தைப் பகிரும் பங்காளிக்கு இது பொருந்தாது.

40:60 விகிதப் பகிர்வு தொடர்பான வாசுதேவா கன்சுட்ரக்சன்சு வழக்கிலும் (2016) நில உரிமையாளர் நுகர்வோரே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீர்வு பெறும் வழிகள்

2020 சூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, முறையீட்டாளர் தாம் வாழும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே முறையிட வழி செய்தது. முந்தைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வசதி இல்லை. எனவே, சென்னையிலுள்ள தம் மனையைக் கட்டுநரிடம் ஒப்படைத்த நன்னிலம் வாசி ஒருவர், வழக்கின் மதிப்பு வரம்புக்கு உட்பட்டிருப்பின், திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே அணுகலாம். பிணக்கு எழுந்த 2 ஆண்டுகளுக்குள் முறையிடுதல் வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் அதனை ஏற்கலாம்.

கட்டுநரின் பங்கிலிருந்து வீடு வாங்குவோருக்கு 2016ஆம் ஆண்டு நிலமனை ஒழுங்குமுறைச் சட்டமும் துணைபுரிகிறது. உரிய காலத்தில் வீடு ஒப்படைக்கப்படாவிடில், திட்டத்திலிருந்து விலகுவோர் செலுத்திய பணத்தை வட்டியுடன் திரும்பப் பெற இதன் 18ஆம் பிரிவு உரிமையளிக்கிறது.