வெளிநாட்டில் நீண்ட காலம் தங்குவோருக்கான பயணக் காப்பீடு

வெளிநாட்டில் சில மாதங்கள் முதல் ஓராண்டுவரை தங்கும் ஒருவருக்கு அங்கே நேரும் மருத்துவச் செலவையும், அதை ஒட்டிய சில பயண இழப்புகளையும் ஏற்கும் ஒப்பந்தம் நீண்ட காலப் பயணக் காப்பீடு ஆகும். பெட்டி தொலைந்தாலும் விமானம் தாமதமானாலும் இழப்பீடு தரும் பிரிவுகள் இதில் உண்டு. ஆறு மாதம் தங்கப் போகிறவருக்கு அவை பொருட்டல்ல. தமிழ்நாட்டில் இதை நாடுவோரில் குறிப்பிடத்தக்கவர்கள், அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகளிடம் பிரசவத்துக்கும் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் செல்லும் பெற்றோர்.

பயணக் காப்பீடு ரயிலோடு பிறந்தது. இங்கிலாந்தில் ரயில் விபத்துகள் பெருகியிருந்த காலத்தில், 1849-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி ‘ரயில்வே பாசஞ்சர்ஸ் அஷ்யூரன்ஸ் கம்பெனி’ முறையாக அமைந்தது. பயணச்சீட்டு கொடுக்கும் அதே சாளரத்தில் காப்பீட்டுச் சீட்டும் கிடைத்தது. முதல் வகுப்புப் பயணி மூன்று பென்னி கொடுத்து விபத்தில் இறந்தால் 1,000 பவுண்டு. இரண்டாம் வகுப்புக்கு இரண்டு பென்னி, 500 பவுண்டு. மூன்றாம் வகுப்புக்கு ஒரு பென்னி, 200 பவுண்டு. உயிரின் மதிப்பு அமரும் பெட்டியைப் பொறுத்தது என்பதில் அன்றைக்கு யாருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. இங்கிலாந்து சென்றபோது இந்த ஏற்பாட்டைக் கண்ட ஜேம்ஸ் பேட்டர்சன், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் கல் வியாபாரம் செய்தவர். அவர் முன்னின்று தொடங்கிய ‘டிராவலர்ஸ்’ நிறுவனம் 1863-இல் அனுமதி பெற்றது. தபால் நிலையத்திலிருந்து வீடுவரை நடந்துபோக என்ன பிரீமியம் என்று உள்ளூர் வங்கிக்காரர் ஒருவர் வேடிக்கையாகக் கேட்க, இரண்டு சென்ட் என்று பேட்டர்சன் வாங்கிக்கொண்டதாக ஒரு கதை வழங்குகிறது. இந்தத் தொடக்கக் காலச் சீட்டுகள் எல்லாம் விபத்துக்கு மட்டுமே. நோய்க்கு அவற்றில் இடமில்லை.

நோய்ச் செலவு பயணக் காப்பீட்டின் மையத்துக்கு வந்தது பிற்காலத்தில்தான். இந்தியாவில் நான்கு பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 1980-களில் ‘ஓவர்சீஸ் மெடிக்ளெய்ம்’ பாலிசியைக் கொண்டுவந்தன. அந்த நான்கு நிறுவனங்களில் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னை. 2000-க்குப் பின் தனியார் நிறுவனங்களும் நுழைந்தன.

காப்பீடு கட்டாயமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு வேண்டும். கனடாவின் ‘சூப்பர் விசா’ பெறும் பெற்றோர், தாத்தா பாட்டிக்குக் குறைந்தது 1,00,000 கனடிய டாலர் காப்பு, ஓராண்டு செல்லுபடியாகும்படி இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்க பிரிட்டன் தரும் விசாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அரசு மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணத்தை விசாவோடே கட்டிவிட வேண்டும். செலவு மிக அதிகமான அமெரிக்காவோ, சுற்றுலா விசாவுக்குக் காப்பீடு கேட்பதில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பணமில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் பில் பின்னாலேயே வரும்.

அமெரிக்கப் பயணத்துக்கு விற்கப்படும் பாலிசிகள் இருவகை. முதல்வகையில் ஒவ்வொரு செலவுக்கும் தனி உச்சவரம்பு உண்டு: மருத்துவமனையில் ஒரு நாளைக்கு இவ்வளவு, அறுவைச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று. இரண்டாம் வகையில் தனி வரம்புகள் பெரும்பாலும் இல்லை. மொத்தத் தொகைக்குள் பில்லில் ஒரு விகிதம் ஏற்கப்படும். நான்கு நாள் படுக்கைக்கு 40,000 டாலர் பில் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 1,500 டாலர் வரம்புள்ள முதல்வகை பாலிசி 6,000 டாலரோடு நின்றுவிடும். இரண்டாம் வகையில், முதல் 500 டாலர் நோயாளியுடையது. அடுத்த 5,000-இல் ஐந்திலொரு பங்கு, அதாவது 1,000, அவருடையது. மீதி நிறுவனத்துடையது என்றால் அவர் கையிலிருந்து போவது 1,500 டாலர். இரண்டின் முகப்பிலும் காப்புத் தொகை 1,00,000 டாலர் என்றே அச்சாகியிருக்கக்கூடும். மலிவு பார்த்து முதல்வகையை எடுப்பது பொய்யான சிக்கனம். ‘டிடக்டிபிள்’ எனப்படும் அந்த முதல் தொகை பாலிசிக் காலம் முழுவதற்கும் ஒருமுறையா, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியா என்பதையும் பார்க்க வேண்டும்.

தேர்வில் முதலிடம் பெறவேண்டியது முன்பே உள்ள நோய் பற்றிய பிரிவு. சர்க்கரை, பிரஷர், இதயநோய் உள்ளவர்களுக்கு அவற்றால் வரும் செலவைப் பல பாலிசிகள் அறவே விலக்குகின்றன. சில, அந்த நோய் முன்னறிகுறியின்றித் திடீரெனத் தீவிரமானால் மட்டும், அதுவும் குறித்த நேரத்துக்குள், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், சிகிச்சை நாடியிருந்தால் ஏற்கும். நான்கு நாளாக மூச்சு வாங்கியது, பொறுத்துப் பார்த்தோம் என்று அவசரப் பிரிவில் சொன்னால் அது அப்படியே மருத்துவக் குறிப்பில் ஏறும். கிளெய்ம் விழுவது அந்த வரியில்தான். வழக்கமான மாத்திரை, பரிசோதனை, டயாலிசிஸ் ஆகியவற்றை இத்தகைய பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. விண்ணப்பத்தில் நோயை மறைப்பதும் உதவாது. ஊரிலுள்ள மருத்துவரின் பழைய ஆவணங்களையும் நிறுவனம் கேட்டு வாங்கும்.

இதிலிருந்தே கால அளவின் கணக்கும் வருகிறது. மாதாமாதம் புதிய பாலிசி எடுத்தால், இரண்டாம் மாதம் வந்த நோய் மூன்றாம் மாதப் பாலிசிக்கு முன்பே உள்ள நோயாகிவிடும். ஆகவே தங்கும் காலம் முழுவதற்கும் ஒரே பாலிசியாக எடுப்பதே சரி. கிளெய்ம் இல்லாமல் முன்கூட்டியே திரும்பினால், மீதிக் காலத்துப் பிரீமியத்தைத் திருப்பித் தரும் திட்டங்களும் உள்ளன.

இந்திய நிறுவனப் பாலிசியைப் பொதுவாக விமானம் ஏறுமுன் வாங்க வேண்டும். விலை குறைவு, ஆனால் அறுபது தாண்டியவர்களுக்குப் பலவற்றில் ஒவ்வொரு செலவுக்கும் தனி வரம்பு உண்டு. அமெரிக்கத் திட்டங்களை அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் வாங்கலாம்; காப்பீட்டு நிறுவனத்தின் இணைப்பிலுள்ள மருத்துவமனைகள் பில்லை நேரே அதற்கு அனுப்ப வாய்ப்பு அதிகம். அமெரிக்கா செல்லும் முதியோருக்கு இவையே ஏற்றவை. எதை எடுத்தாலும், நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவும், இறந்தால் உடலை அனுப்பும் செலவும் தனித்தொகையாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்களே திட்டம் விதிப்பதுண்டு. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பிரிவில் வளைகுடா முதலிய நாடுகளுக்கு வேலைக்குப் போகும் இந்தியருக்கு, 2003-இல் தொடங்கிய ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ கட்டாயம்; விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் அதில் 10 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும்.