இரும்புக்கை மாயாவி

இரும்புக்கை மாயாவி, தமிழ்நாட்டில் பெரும்புகழ் பெற்ற பிரிட்டிஷ் சித்திரக்கதை நாயகன். இயற்பெயர் லூயிஸ் கிராண்டேல். லண்டனிலிருந்து வெளிவந்த 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழ் 1962 அக்டோபரில் தொடங்கியபோது, முதல் இதழிலேயே இவனது தொடரும் இடம்பெற்றது. தொடக்கத்தில் கென் புல்மரும் பின்னர் டாம் டல்லியும் கதை எழுதினர். ஓவியர் ஸ்பெயின் நாட்டவரான ஹெசூஸ் பிளாஸ்கோ.

பேராசிரியர் பாரிஞ்சரின் உதவியாளனான கிராண்டேல், ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்து உலோகக் கை பொருத்திக்கொள்கிறான். உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். அந்தக் கை மட்டும் மறையாது. தொடரின் உயிரே இந்தக் குறைதான். ஆளற்ற அறையில் கதவுக் குமிழைத் திருகும் கை, அந்தரத்தில் துப்பாக்கி நீட்டும் கை எனக் கறுப்பு மையில் பிளாஸ்கோ தீட்டிய கட்டங்களுக்கு ஈடாக அக்காலச் சிறுவர் இதழ்களில் வேறொன்றைக் காட்டுவது கடினம். தொடக்கத்தில் கிராண்டேல் கொள்ளைக்காரன். பின்னரே திருந்தி, 'நிழற்படை' என்ற உளவு அமைப்பில் சேர்கிறான். விரலில் துப்பாக்கியும் நச்சுப்புகையும் வந்தது அதற்குப் பிறகு. இடையே சாகச வீரர்களுக்குரிய உடையையும் அவனுக்கு மாட்டிவிட்டார்கள், அது ஒட்டவில்லை.

தமிழில் மாயாவியை அறிமுகப்படுத்தியது சிவகாசி முத்து காமிக்ஸ். எம். சௌந்தரபாண்டியன் நிறுவிய இந்நிறுவனத்தின் முதல் வெளியீடே 'இரும்புக்கை மாயாவி' (1972). இங்கிலாந்துச் சிறுவர்கள் வாரம் இரண்டொரு பக்கமாகக் காத்திருந்து படித்ததைத் தமிழ்ச் சிறுவர்கள் முழுப் புத்தகமாக ஒரே மூச்சில் படித்தார்கள். 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'உறைபனி மர்மம்' ஆகியவை தொடர்ந்தன. மூலத்தில் 'உருக்கு நகம்' என்றே பொருள்படும் தலைப்பு தமிழில் ஆளின் பெயராகிவிட்டது.

1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸ், லீ ஃபாக் படைத்த 'ஃபாண்டம்' என்னும் முகமூடி வீரரையும் 'மாயாவி' என்றே அழைத்தது. முத்து காமிக்ஸில் அவருக்கு வேதாளர் என்று பெயர். அவர் உருவம் ஒருபோதும் மறைவதில்லை என்பதால் 'மாயாவி' என்ற பெயர் இரும்புக்கையாருக்கே உரியது.

மூலத்தொடர் 1970இல் நின்றது. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் நடத்தும் லயன்-முத்து காமிக்ஸ் பழைய கதைகளை மறுபதிப்பாகவும் வெளியிட்டுள்ளது. பிரிட்டனில் ரெபெல்லியன் நிறுவனம் 2021இல் ஒரு தொகுப்பு கொண்டுவந்தது.